மண் கடிபடாத பேரிக்காய் மசியல்

திரேஸ்புரத்தில் மட்டி விற்கிற பெண்கள் எத்தனையோ பேர். ஆனாலும் மில்லர்புரம் வீடுகளில் "பிளாரன்ஸ் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவள் கொடுக்கிற மட்டிச் சதையில் மண் கடிபடாது. மட்டி என்பது கரையோர மணலுக்குள்ளேயே பிறந்து வளர்கிற சின்னச் சிப்பி. அதன் வயிற்றில் மண் கிடப்பது அதன் குற்றமில்லை, விற்கிறவள் குற்றம் என்பது பிளாரன்சின் கட்சி. ஓடோடு உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவாள். அது வாயைத் திறந்து மண்ணைக் கக்கக் கக்கத் தண்ணீரை மாற்றுவாள். பிறகு அவித்து, ஓட்டிலிருந்து சதையை வழித்து எடுத்து, ஒரு துண்டை முன்பல்லில் வைத்துக் கண்ணை மூடி மெல்லுவாள். பல்லில் நறுக்கென்று ஏதாவது பட்டால் அந்தச் சட்டி அன்றைக்கு வெளியே போகாது.

ஒருமுறை மில்லர்புரத்துக்குப் புதிதாகக் குடிவந்த உமாராணி, "போன வாரம் கொடுத்ததுல மண்ணா இருந்துச்சே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பிளாரன்ஸ் கூடையை வாசலில் இறக்கிவிட்டு நேராக அந்த வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். தானே மட்டியைத் தாளித்து, அந்த வீட்டில் இருந்த எல்லாரையும் உட்கார்த்திச் சாப்பிட வைத்தாள். மண் மட்டியில் இல்லை, சரியாக அலசாத மல்லித்தழையில் இருக்கிறது என்பதை நிரூபித்த பிறகுதான் கூடையைத் தூக்கினாள். உமாராணி அதற்குப் பிறகு வேறு யாரிடமும் மட்டி வாங்கியதில்லை. பயம்தான், வேறென்ன.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் பாஸ்கல். சங்கு குளிக்கிறவர். இளவயதில் வெறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்கடியில் போய்ச் சங்கு எடுத்தவர். பிறகு படகிலிருந்து காற்று அனுப்புகிற குழாய் வந்தது. குழாய் வந்தும் கயிறு போகவில்லை. குளிக்கிறவன் இடுப்பில் ஒரு முனை, படகில் நிற்கிறவன் கையில் மறுமுனை. கீழேயிருந்து ஒரு இழு இழுத்தால் நல்லா இருக்கேன் என்று அர்த்தம். படபடவென்று இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். அந்தக் கயிற்றை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலி அறுக்க எவனும் விடமாட்டான் என்கிற கணக்கு. பாஸ்கலின் கயிற்றைப் பிடித்தது பிளாரன்சின் அண்ணன் ஜோன்ஸ். பேச்சில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் பாஸ்கல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் ஜோன்ஸ் பீடிகூடப் பற்றவைக்க மாட்டான்.

அந்த பாஸ்கலுக்குத் தொண்டையில் புற்று வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்து அதைக் கருக்கிவிட்டார்கள். கட்டி போயிற்று. கூடவே எச்சிலும் ருசியும் பாதிக் குரலும் போயின. வாயெல்லாம் புண். மூக்கு வழியாக ஒரு குழாயை வயிறு வரைக்கும் விட்டு, அதில்தான் கஞ்சித் தண்ணீரும் பாலும் போய்க்கொண்டிருந்தன. வாய்ப்புண் கொஞ்சம் ஆறின பிறகு வாயால் சாப்பிடப் பழக வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் பிளாரன்ஸ் ஆசையாக ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தாள். அது இறங்க வேண்டிய வழியை விட்டுவிட்டு மூச்சுக் குழாய்க்குள் போய்விட்டது. பாஸ்கல் முகம் நீலம் பாரித்து, கண் பிதுங்கி, இருமி இருமி ஒருவழியாக மூச்சு திரும்பியது. அன்றைக்கு மூடின வாயை அவர் திறக்கவே இல்லை. கடலடியில் திருக்கையைப் பார்த்துக்கூட அசராத மனுஷன், கரண்டியைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். மூக்குக் குழாயை ரொம்ப நாள் விட்டுவைக்க முடியாது. வருகிற புதன்கிழமை பாஸ்கல் வாயால் ஒரு கிண்ணம் சாப்பிட்டுக் காட்டினால் எடுத்துவிடலாம். இல்லையென்றால் வயிற்றில் ஒரு துவாரம் போட்டு அங்கே குழாய் வைக்க வேண்டியதுதான்.

"போடட்டும்" என்றார் பாஸ்கல், காற்றாக வருகிற குரலில். "நிம்மதியா கெடப்பேன்."

பிளாரன்ஸ் பயந்தாள். வயிற்றுக் குழாய்க்காக இல்லை. அந்தக் குழாயோடு எத்தனையோ பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டரே சொன்னார். அவளைக் கலக்கியது, விழுங்கப் பழக்குகிற தெரபிஸ்ட் அனுஜா வராந்தாவில் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதுதான்.

"அக்கா, அவங்களால முழுங்க முடியும். தொண்டையில பலம் இருக்கு. ஆனா பயந்துகிட்டு முழுங்காமலே விட்டாங்கன்னா தொண்டை அத மறந்துரும். அப்புறம் நாம என்ன செஞ்சாலும் திரும்பாது."

"என்ன குடுக்கணும்னு சொல்லும்மா. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அனுஜா யோசித்தாள். வாழைப்பழம் ஒட்டும். மாம்பழம் புண்ணில் எரியும். "பேரிக்காய் வாங்குங்க. தோலச் சீவி வேக வச்சு வழுவழுன்னு மசிச்சிருங்க. தண்ணியா ஒழுகக் கூடாது. கரண்டியச் சாய்ச்சா ஒரே கட்டியா வழுக்கி விழணும். குடுக்கும்போது மூச்ச இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க. பிடிச்சபடியே முழுங்கணும், உடனே ஒரு இருமல், அப்புறம்தான் மூச்சு. வரிசை மாறக் கூடாது."

பேரிக்காயை அடுப்பில் வைப்பார்கள் என்று பிளாரன்ஸ் கேள்விப்பட்டதே இல்லை. பள்ளிக்கூட வாசலில் கீறி மிளகாய்த்தூளும் உப்பும் தடவித் தருவார்கள், அதுதான் அவளுக்குத் தெரிந்த பேரிக்காய். இருந்தாலும் பஸ்ஸை விட்டு இறங்கினதும் மந்திரமூர்த்தி அண்ணாச்சி பழக்கடைக்குத்தான் போனாள். கூடையில் கொடைக்கானல் பேரிக்காய் பச்சைப்பசேலென்று கல்லு மாதிரி கிடந்தது. மீனானாலும் காயானாலும் கெட்டியாக இருப்பதுதான் நல்லது என்று பொறுக்கி எடுத்து வந்தாள். குசினிக்குள் போய்த் தோலைச் சீவி, நறுக்கி, வேக வைத்து, மத்தால் கடைந்தாள்.

பாஸ்கலிடம் கெஞ்சிக் கூத்தாடி, நாக்கு நுனியில் மட்டும் ஒரு பொட்டுத் தடவ அனுமதி வாங்கினாள். அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை உரசிப் பார்த்தார். உடனே துண்டை எடுத்துத் துப்பினார்.

"மண்ணு" என்றார்.

வேறு என்ன சொல்லியிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கையால் சாப்பிட்ட எதிலும் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. ஊரே சொன்னதில்லை. பிளாரன்ஸ் கிண்ணத்தை வாங்கி ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கண்ணை மூடினாள். நறநறவென்றது. சந்தேகமே இல்லை, மண்தான். அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

மண் என்று தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மிச்சமிருந்த பேரிக்காய்களைத் தோல் சீவி, இரண்டாகப் பிளந்து, மட்டி ஊறப்போடுகிற அதே சட்டியில் உப்புத் தண்ணீர் கரைத்துப் போட்டாள். தண்ணீரை மாற்றினாள். திரும்ப மாற்றினாள். சட்டியின் அடியில் விரலால் துழாவிப் பார்த்தாள். ஒரு மணல்கூடக் கிடைக்கவில்லை. பிடிவாதமாகக் கக்காமல் கிடக்கின்றனவே என்று பேரிக்காய்களின் மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதை அவித்து மசித்துக் கொண்டுபோய்ப் பாஸ்கலின் உதட்டில் வைத்தபோது, வாய்ப்புண்ணில் உப்புப் பட்டு அவர் "ஸ்ஸ்" என்று துடித்துப்போனார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிளாரன்ஸ் குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழக்கடைக்குப் போனாள், சண்டைக்கு.

"அண்ணாச்சி, ஒங்க பேரிக்காய்ல மண்ணு."

மந்திரமூர்த்தி தராசில் திராட்சை நிறுத்துக்கொண்டிருந்தார். "பேரிக்கா மரத்துல தொங்குத சாமான் தாயி. அங்கன மண்ணு எப்படிப் போவும்?"

"எனக்கு மண்ணு தெரியாதா? உப்புத் தண்ணியில ஊறப்போட்டேன். கக்க மாட்டேங்கு."

"கக்க மாட்டேங்கா?" அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். "மட்டியப் போடுத மாதிரி பேரிக்காயப் போட்டியாக்கும்?" அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தொந்தி குலுங்க, கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திராட்சை வாங்க வந்தவரும் சிரித்தார். பிளாரன்ஸ் அசையாமல் நின்றாள். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு அண்ணாச்சி" என்றாள். "தொண்டையில வைத்தியம் பாத்திருக்கு. புதன்கிழமைக்குள்ள வாயால சாப்பிடலன்னா வயித்துல ஓட்ட போட்ருவாங்க."

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு பேரிக்காயை எடுத்துக் கத்தியால் குறுக்கே அறுத்தார்.

"இங்கன பாரு. இது மண்ணு கெடையாது. அதோட சதையே அப்படித்தான். தோலுக்கு அடியிலயும், இந்தா, கொட்டையச் சுத்தி இருக்கு பாரு, இங்கயும்தான் நறநறப்பு ஜாஸ்தி. காய வேக வச்சா இன்னும் எடுத்துக் காட்டும். பழுக்க விடணும். காம்புப் பக்கம் கழுத்து இருக்குல்லா, அங்க பெருவெரலால அமுக்கு. அமுங்குச்சுன்னா ஆச்சு. தோலக் கனமாச் சீவிரு. நடுவுலயும் தாராளமாத் தோண்டிப் போட்ரு, கஞ்சத்தனம் பாக்காத. பெறகு அரிச்சு எடு."

சொல்லிவிட்டு, பழுக்கிற பதத்தில் இருந்தவற்றை மூட்டைக்குள் கையை விட்டுத் தேடித் தேடி அவரே பொறுக்கிக் கொடுத்தார்.

பிளாரன்ஸ் அவற்றைப் பேப்பரில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். காலையில் ஒரு அமுக்கு, சாயங்காலம் ஒரு அமுக்கு. கழுத்து இறுகியே இருந்தது. புதன்கிழமை நெருங்கி வந்துகொண்டிருந்தது. பேரிக்காய்க்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து அவள்தான் அல்லாடினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, முக்காட்டைக்கூட எடுக்காமல் பானைக்குள் கையை விட்டபோது, ஒரு பழத்தின் கழுத்து பெருவிரலுக்கு இணங்கிக் கொடுத்தது. மேல்நாட்டுப் பூப்போல ஒரு மெல்லிய வாசனை வந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

தோலைக் கனமாகச் சீவினாள். மட்டி வழிக்கிற சின்னக் கத்தியால் நடுப்பகுதியை, காம்பிலிருந்து அடிவரை ஓடுகிற நாரோடு சேர்த்துத் தோண்டி எறிந்தாள். பாதிப் பழம் குப்பைக்குத்தான் போனது. போகட்டும். மிச்சத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கி, அடிபிடிக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, மூடி போட்டுத் தீயைக் குறைத்தாள். பழம் தன் தண்ணீரைத் தானே விட்டுக்கொண்டு வெந்தது. கருப்பட்டி ஒரு துண்டு போடலாமா என்று கை போனது. அதிலும் மண் கிடக்கும், கரைத்து வடிக்க வேண்டும். பழமே இனிக்கிறது, வேண்டாம் என்று விட்டாள். கண்ணாடி போல ஆனதும் இறக்கிக் கடைந்து, பழைய டீ வடிகட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தாள். கீழே வெண்ணெய் மாதிரி இறங்கியது. வடிகட்டியில் பொடிப்பொடியாக நின்றதைச் சுண்டித் தூர எறிந்தாள். கொஞ்சம் இளக்கமாகத் தெரிந்ததால் திரும்பச் சட்டியில் போட்டுக் கிளறிக்கொண்டே சுண்டவைத்தாள். கரண்டியைச் சாய்த்தாள். ஒரே கட்டியாக வழுக்கி விழுந்தது. ஒரு துளியை முன்பல்லில் வைத்துக் கண்ணை மூடினாள். பல்லுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஜெயித்த சந்தோஷத்தோடு கிண்ணத்தைக் கொண்டுபோனாள். பாஸ்கல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"மண்ணு இல்ல. நான் கடிச்சுப் பாத்தாச்சு. எந்திரியும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். கரண்டி பக்கத்தில் வந்ததும் நெஞ்சு விடைத்து மூச்சு திணற ஆரம்பித்தது. வாய் இறுகிக்கொண்டது. அவள் கெஞ்சினாள், மிரட்டினாள், மாதாவின் மேல் ஆணை வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்படியே போனது. திங்கட்கிழமை காலையில் அவளுக்குப் பொறுமை அற்றுவிட்டது.

"காலம்பூரா கடலுக்குள்ள மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தீரு. அந்த அனுஜா பிள்ளையும் அதத்தான சொல்லுது. மூச்சப் பிடி, முழுங்கு, இருமுன்னு. இந்தக் கரண்டிக்குப் போயிப் பயப்படுதீரே."

பாஸ்கல் கரண்டியைக் கையால் ஒதுக்கினார். பிறகு அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்: "அங்கன கயிறு இருந்துச்சுளா. மேல ஒங்க அண்ணன் நின்னான்."

பிளாரன்ஸ் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். இத்தனை நாளும் தான் செய்துகொண்டிருந்தது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மூச்சைப் பிடித்தாரா, விட்டாரா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. வாய் திறந்தால் போதும், தள்ளிவிடலாம் என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அண்ணன் இப்படிக் கயிறு பிடித்திருந்தால் அவள் என்றைக்கோ கைம்பெண்.

ஜோன்ஸ் இப்போது கொச்சிப் பக்கம் படகுக்குப் போய்விட்டான். கயிறு வீட்டில்தான் ஆணியில் தொங்கியது. உப்பேறி விறைத்த நைலான் கயிறு. அவள் அதை எடுத்து வந்து ஒரு முனையைப் பாஸ்கலின் வலது மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையைத் தன் இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"நான் பிடிச்சிருக்கேன். ஒரு இழு இழுத்தா மூச்சப் பிடிச்சாச்சுன்னு அர்த்தம், அப்பதான் கரண்டி வரும். படபடன்னு இழுத்தா நிப்பாட்டிருவேன். நீரு இழுக்காம என் கை அசையாது."

பாஸ்கல் அவளைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். சிரிக்கப் போகிறாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. சிரிக்கவில்லை.

கரண்டியில் மசியலை எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். கயிறு தொய்ந்து கிடந்தது. தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அவளுக்குத் தோள்பட்டை கடுத்தது. வாயைத் திறயும் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்ததை விழுங்கினாள். தள்ளுவது அவளுக்குப் பிறவிக் குணம். சும்மா இருப்பதற்குத்தான் அன்றைக்கு அவளுடைய வீம்பெல்லாம் தேவைப்பட்டது.

கயிறு ஒருமுறை இழுபட்டது.

கரண்டி போனது. போன வேகத்தில் கயிறு படபடவென்று துடித்தது. அவள் சட்டென்று கரண்டியை உருவிக்கொண்டு, அவரை முன்னால் சாய்த்துப் பிடித்தாள். இருமினார், துப்பினார், மூச்சு வாங்கினார். ஒன்றும் ஆகவில்லை. அவர் அவள் கையில் சுற்றியிருந்த கயிற்றைத் திரும்பப் பார்த்தார். இழுத்ததும் நிறுத்தினாளே என்பது அந்தப் பார்வையில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சு மெல்ல விரிந்தது, பழைய நாட்களில் தண்ணீருக்குள் போவதற்கு முன்னால் விரிவது போல. கயிறு இழுபட்டது. கரண்டி போனது. குரல்வளை மேலே ஏறி இறங்கியது. ஒரு இருமல். பிறகு மூச்சு.

பிளாரன்சும் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கால் கிண்ணம் போனது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவள் வற்புறுத்தவும் இல்லை. புதன்கிழமை விடியலில் எழுந்து, மிச்சமிருந்த பழங்களைச் சீவி, வேக வைத்து, அரித்து, சுண்டவைத்து, முன்பல்லில் சோதித்து, எவர்சில்வர் கிண்ணத்தில் நிரப்பித் துணி சுற்றிக்கொண்டாள். கயிற்றைப் பைக்குள் போட்டாள். பஸ்ஸில் பை அவள் மடியிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கயிற்றை எடுத்துப் பாஸ்கலின் கையில் கட்டியபோது டாக்டர் அனுஜாவைப் பார்த்தார், அனுஜா பிளாரன்சைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"எங்க கடல் வழக்கம்மா. நீ பாரு" என்றாள் பிளாரன்ஸ். சொல்லிவிட்டு மறுமுனையைத் தன் இடது கையில் சுற்றிக்கொண்டாள்.

பாஸ்கல் நிமிர்ந்து உட்கார்ந்தார். கயிறு இழுபட்டது. கரண்டி போனது. இருமல், மூச்சு. கயிறு, கரண்டி. அனுஜா அவர் தொண்டையில் விரல் வைத்துக் கவனித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருமுறை கயிறு படபடத்தது. பிளாரன்ஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கயிற்றை மட்டும் பார்த்திருந்தாள். டாக்டர் மணியைப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கயிறு திரும்ப இழுபட்டது. கால் கிண்ணம் தாண்டியது. அரைக் கிண்ணம் தாண்டியது. கடைசிக் கரண்டியை வழித்துக் கொடுத்துவிட்டு, பிளாரன்ஸ் காலிக் கிண்ணத்தை டாக்டர் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"எடுத்துரலாம்" என்றார் டாக்டர், பாஸ்கலின் மூக்கைக் காட்டி. "வயித்துல ஒண்ணும் போட வேண்டாம்."

அனுஜா பிளாரன்சின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிளாரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் இடது கையில் சுற்றியிருந்த கயிறு ஒருமுறை இழுபட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பாஸ்கல் நெஞ்சை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கரண்டிக்காக உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. தோல் சீவுவதிலிருந்து சுண்டவைப்பது வரை அத்தனையும் யோசித்தவளுக்கு, இரண்டாவது கிண்ணம் கொண்டுவர வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிடித்த மூச்சை விட்டுவிட்டு, பாஸ்கல் எரிச்சலோடு கேட்டார்: "அம்புட்டுதானாளா?"